பூவராகவன் வண்டிக்கு அடியில்

1

இந்தக் கதையை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவை பூனைகள். எத்தனை பூனைகள் என்று கேட்டால் நாற்பது என்பேன். என் மனைவியைக் கேட்டால் நாலு என்பாள். அவள் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை என்பதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இடம் கும்மிடிப்பூண்டி, எழுபதுகளின் கடைசி. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஓர் ஆலையில் எடைமேடைக்கு நான் பொறுப்பு. லாரி ஏறும், முள் ஆடும், நான் எழுதுவேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எழுதுவது மட்டும் நிற்கவில்லை, முள்தான் இல்லை. ஒருநாள் வந்த லாரியில் ஒரு சின்னக் காரின் அடித்தளம் மட்டும் கிடந்தது. அதன் மேல் இருந்திருக்க வேண்டிய கதவு, மூக்கு, முதுகு எல்லாம் துருவாகிக் காற்றோடு போயிருந்தன. அடிப்பக்கம் மட்டும் கறுப்பாக, கெட்டியாக, நேற்றுப் பூசியது மாதிரி. அதிலிருந்து ஒரு வாடை. வாடைக்குப் பின்னால் பூனைகள்.

லாரிக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "சோழவரத்தாண்ட பூவராகவன்னு ஒருத்தர் வண்டி சார். ரேஸ் வண்டி. மழைக்கு முன்னாடி அடியில சுறா எண்ணெ பூசப் போயி ஊட்ல பெரிய பேஜாராயிடுச்சாம்."

என்ன பேஜார் என்று நான் கேட்பதற்குள் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. வண்டி உலைக்குப் போனது. பேஜார் என்னிடம் தங்கிவிட்டது.

ஆகவே எனக்குக் கிடைத்தவை ஒரு பெயர், ஓர் எண்ணெய், ஒரு வாடை. மீதி முழுவதும் நான் ஏற்றிய சரக்கு.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

(அ) வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பூவராகவன் வானத்தைப் பார்த்தார். வானமும் பூவரா

வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.

(ஆ) தாயாரம்மாள் கையில் மோர்ச்சொம்புடன் களத்துமேட்டுக்கு வந்தாள். அவள் ஒரு அமைதியான

இதையும் அடித்துவிட்டேன். ஆனால் இந்த வரியை நினைவில் வையுங்கள். பூவராகவனின் மனைவியை மோர்ச்சொம்புக்காகத்தான் இந்தக் கதைக்குள் கூட்டிவந்தேன். வந்த மூன்றாம் நாளே சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

(இ) பூவராகவனுக்கு அவருடைய நிழலின் மேல் சந்தேகம் உண்டு. மத்தியானத்தில் அது ஏன் சுருங்குகிறது, மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று.

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

3

பூவராகவனுக்கு சோழவரம் ஏரிக்குக் கிழக்கே நல்ல நெல் நிலம். ஐம்பதைத் தாண்டிய வயது. குழந்தைகள் இல்லை. வீட்டில் மனைவி தாயாரம்மாள். அவளுடைய தம்பி பரசுராமன். முப்பது வயதாகியும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அக்கா வீட்டிலேயே தேடுகிறவன். பக்கத்துக் கழனிக்காரர் அருணகிரியோடு பூவராகவனுக்கு ஒரு வரப்பு வழக்கு. பொன்னேரி கோர்ட்டில் அது வெகுகாலமாக நடக்கிறது. வழக்கு தொடங்கியபோது இருந்த வரப்பு இப்போது இல்லை, எலி தின்றுவிட்டது. வழக்கு மட்டும் இருக்கிறது.

அறுபத்தொன்பதாம் வருடம் மாசியில், சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்தது. பூவராகவன் மனைவியோடு வேடிக்கை பார்க்கப் போனார். கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவருடைய வண்டி பாதிச் சுற்றில் புகைவிட்டு நின்றது. சிவப்பு வண்டி, இரண்டே இருக்கை, கித்தான் கூரை, சீமையில் செய்து பத்துப் பதினைந்து வருஷமானது. இழுத்துக்கொண்டு போக மனமில்லாமல் அவர் அங்கேயே விற்றார். பூவராகவன் வாங்கினார். ஏன் வாங்கினார் என்று ஊரே கேட்டது. ஊர் கேட்டதால்தான் வாங்கினார்.

விற்றவர் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: இந்த வண்டி பிறந்த தேசத்தில் பனிக்காலம் வருமுன் அடிப்பக்கத்துக்கு எண்ணெய்ப் பூச்சு பூசிவிடுவார்கள், இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். நம் ஊரில் பனி ஏது? ஐப்பசி மழைதான் நம் பனிக்காலம். அந்தக் கணக்குக்கு ஆவணியிலிருந்தே பூவராகவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த வண்டியை அவர் வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் அங்கேதான். பொன்னேரி கோர்ட்டுக்குப் பஸ்ஸில்தான் போவார். வண்டியை அங்கே நிறுத்தினால் அருணகிரியின் வக்கீல் அதன் மேல் சாய்ந்து நிற்பார் என்று பயம். தாயாரம்மாளை அதில் ஒரே ஒருமுறை ஏற்றினார். கோயிலுக்கு. இருக்கையில் போர்வை விரித்து, "எதையும் தொடாதே" என்று சொல்லி. அவள் தொடவில்லை. வழியெல்லாம் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பதிவிரதை என்று பூவராகவன் நினைத்துக்கொண்டார்.*

* எழுதும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். எந்தக் கால் எந்தக் கட்டையை எப்போது மிதிக்கிறது என்று அவள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

4

செங்குன்றத்தில் அப்பாவு என்று ஒரு மெக்கானிக். வண்டிக்கு அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"தரைத் தகடு பொரிஞ்சி போச்சு நைனா. இந்த மழைய இப்டியே உட்டீன்னா, வர்ற வருசம் நீ ஒக்காந்து ஓட்டமாட்டே. ஓட்டை வழியா காலைக் கீழ உட்டு ஓடிக்கினே ஓட்டுவே."

"இன்னா பூசணும்?"

"கழிவு ஆயிலும் தாரும் கலந்து நான் அடிச்சித் தர்றேன். ஆனா ஒண்ணு. மொதல்ல நல்ல தண்ணில கழுவு. சேறு சகதி ஒரு பொட்டு இருக்கக் கூடாது. மேல பூச்சு, உள்ள அழுக்குன்னு உட்டா உள்ளாறவே துன்னும்."

பூவராகவனுக்கு உடனே சந்தேகம். தானே பூசித் தருகிறேன் என்கிறானே, ஏன்? பூச்சு என்ற பேரில் எதையாவது பூசி, வண்டி கெட்டு, மறுபடி அவனிடமே வரவேண்டும் என்பதற்காகவா? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவு நல்ல மனிதர். எனக்குத் தெரியும், நான்தானே செய்தேன். பூவராகவனிடம் சொன்னால் நம்பமாட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தவருக்கு ஒரு வெளிச்சம் அடித்தது. பழவேற்காட்டில் படகுகள் வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரிலேயே கிடக்கின்றன. அவற்றின் அடியில் சுறா எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சிப் பூசுகிறார்கள்.

"எந்தப் படகாவது துருப்பிடிச்சிப் பாத்துருக்கியா?" என்று பரசுராமனைக் கேட்டார்.

பரசுராமன் நன்றாக யோசித்தான். "இல்ல மாமா. ஒண்ணுகூட இல்ல."

படகு மரத்தால் ஆனது, மரம் துருப்பிடிக்காது என்பது அந்த இரண்டு ஆண்களுக்கும் தோன்றவில்லை. தாயாரம்மாளுக்குத் தோன்றியது. அவள் சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போனாள். அவள் ஏன் உள்ளே போகிறாள் என்று பூவராகவன் சந்தேகப்பட்டார்.

5

எண்ணெய் கொண்டுவந்தவள் எல்லம்மா. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வாரம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு வருகிறவள். அந்த டின்னோடு அவளைப் பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் ஒப்பவில்லை. கடைசியில் டின் கூரை மேல் ஏறியது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ்ஸுக்கு மேலே காக்கைகள் ஒரு பந்தல் போட்டுக்கொண்டு வந்தன. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் மழைதான் இருட்டிக்கொண்டு வருகிறது என்று ஜன்னலை மூடினார்கள். (இது உண்மை. உண்மை இல்லாவிட்டாலும் அழகாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

டின்னை இறக்கிவைத்த எல்லம்மா வண்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட! இத்து நம்ம..." என்று ஆரம்பித்தவள் தாயாரம்மாள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"நம்ம?" என்றார் பூவராகவன்.

"நம்ம நைனா வண்டியான்னு கேட்டேன். நானு இந்த வண்டிய இதுக்கு முன்ன பார்த்ததே இல்ல நைனா."

"பாத்தியான்னு நான் கேக்கவே இல்லியே."

"அதான் நானே சொல்லிட்டேன். நாஷ்டா துன்னல நைனா, மயக்கமா கீது. நான் வரேன்." காசைக்கூட வாங்காமல் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கருவாடு விற்கிற பெண் காசு வாங்காமல் போவதை பூவராகவன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

6

இப்போது வேலை நடந்த விதம். ஊரில் வண்டிக்கு அடியில் இறங்கக் குழி ஏது? பூவராகவன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஏரி மதகிலிருந்து அவர் கழனிக்கு வரும் கால்வாய் மழைக்கு முன் காய்ந்து கிடக்கும். கால்வாயைக் கடக்கும் வண்டிப்பாதையிலிருந்து மெல்ல முன்னால் ஓட்டி, இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு கரையிலும் வலப்பக்கச் சக்கரங்கள் மறு கரையிலும் நிற்கும்படி கால்வாய்க்கு மேல் காரை நிறுத்தினார். நடுவில் கால்வாய். அதில் மல்லாந்து படுத்தால் வண்டியின் அடிவயிறு முழுவதும் முகத்துக்கு நேரே.

களைக்கொத்தியால் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார். முதல் கொத்துக்கே கை நின்றது.

அவர் கழனிச் சேறு கறுப்பு. வண்டிப்பாதைச் சேறு சிவப்பு. இது சாம்பல் நிறம். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்ணை வாங்குகிறவன் எவனும் அப்படித்தான் பார்ப்பான். உப்புக் கரித்தது. உள்ளே பொடிப்பொடியாகச் சிப்பிகள்.

கடல் பக்கம் இந்த வண்டியை அவர் ஓட்டியதே இல்லை.

அப்பாவு சொன்னபடி அப்போதே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்து, நானும் சாப்பிடப் போயிருப்பேன். ஆனால் பூவராகவன் வழக்காடுகிறவர். சாட்சியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாரா? கழுவினால் வண்டி பிழைக்கும், ஆதாரம் போகும். கழுவாமல் விட்டால் ஆதாரம் இருக்கும், வண்டி உளுத்துப்போகும். கழுவாமல் மேலே பூசினாலோ, இரண்டும் உள்ளேயே இருந்து ஒன்றையொன்று தின்னும். (இந்த இடத்தில் ஒரு தத்துவம் வைக்க வசதியாக இருக்கிறது. வைக்கப் போவதில்லை. சேறு சேறாகவே இருக்கட்டும்.)

நாள்கள் போயின. எண்ணெய் டின் வெயிலில் பொங்கியது. ஊர்ப் பூனைகள் கால்வாய்க் கரையில் பஞ்சாயத்துக்கு வந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. பூவராகவன் தினமும் வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பார், சேற்றைப் பார்ப்பார், எழுந்து வருவார்.

7

யார் ஓட்டியது? மூன்று பேரை எழுதிப் பார்த்தேன்.

முதலில் பரசுராமன். கடல் வழியாகக் கள்ளத்தனமாக வரும் நைலான் துணியும் டிரான்சிஸ்டரும் இந்த வண்டியில் ஏறி ஊத்துக்கோட்டை வழியாக எல்லை தாண்டுகின்றன என்று இரண்டு பக்கம் ஓட்டினேன். பரசுராமன் வேட்டியைத் திருப்பிக் கட்டவே அரைமணி நேரம் எடுக்கிறவன். அவனை நம்பி யார் டிரான்சிஸ்டர் கொடுப்பார்கள்? கிழித்துவிட்டேன்.

இரண்டாவது அருணகிரி. பூவராகவனுக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். ஆனால் அருணகிரிக்கு மாட்டுவண்டியில் போனாலே வாந்தி வரும்.

மூன்றாவது பெயரை பூவராகவன் மனத்துக்குள்கூட முழுசாகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் அருணகிரி வீட்டுக்குத் தாயாரம்மாள் ஒருநாள் மோர் கொடுத்தனுப்பினாள். மோரோடு வழக்கு ரகசியமும் போனது என்று பூவராகவன் ஊர்நடுவில் கத்தினார். அவள் அன்றே ஊத்துக்கோட்டையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஓர் அறுவடை முழுக்க அவர் தானே சோறு வடித்துத் தின்று இளைத்தார். நிழல் விழாத அளவுக்கு என்று சொல்வேன். அவரே போய்க் கூப்பிட்டு வந்தார். வாசலில் கால் வைக்கும் முன் அவள் சொன்னாள்:

"இந்த ஒரு தபாதான். இனிமே என் மேல சந்தேகப்பட்டு ஒரு வார்த்த கேட்டீங்க, போனவ போனவதான். அப்பால கூப்புட வராதீங்க."

சொன்னால் செய்கிறவள். அவளில்லாத வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டவர் அவர். ஆகையால் கேட்கவும் முடியவில்லை. கேட்காமல் இருக்கவும் அவருக்குப் பழக்கமில்லை. எல்லாம் போக, சாவி இருபத்து நாலு மணி நேரமும் அவருடைய இடுப்பில்தான் இருந்தது. பிறகு எப்படி?

 இந்தச் சாவி விஷயத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். எப்படி என்று தெரியாமலே எழுதிக்கொண்டு போனேன். தாயாரம்மாளிடம் கேட்டேன். தலையை முடிந்துகொண்டே போய்விட்டாள்.

8

அன்று திங்கட்கிழமை. வானம் (மன்னிக்கவும், தவிர்க்க முடியவில்லை) கறுத்திருந்தது. மேற்கே எங்கோ கொட்டித் தீர்த்திருக்க வேண்டும். ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரில் பேச்சு. இன்று பூசாவிட்டால் இனி பூச முடியாது. பூவராகவன் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, எண்ணெய்ச் சட்டியோடும் மட்டைத் தூரிகையோடும் வண்டிக்கு அடியில் புகுந்தார். பின்பக்கம் சேறில்லாத இடங்களில் பூசி முடித்தார். முன்பக்கம் அந்தச் சாம்பல் சேறு. தூரிகை அதன் முன்னால் நின்றது.

அப்போது கரையில் கால்கள் வந்தன.

வெள்ளி மெட்டி போட்ட இரண்டு கால்கள். பின்னால் ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு உலகத்தில் கால்கள் மட்டும்தான்.

"அக்கா, மழ புடிச்சிக்கிச்சின்னா பழவேற்காட்டு மணலு கொழகொழன்னு ஆயிடும். நாளைக்கி மாமாக்கு வாய்தா. ஒரே ஒரு தபா போய்ட்டு வந்துடலாமா?"

"வாய மூட்றா."

"குப்பத்துல எல்லாரும் கேட்டுகினே கீறாங்களாம். எல்லம்மா சொன்னா. போன தபா நீ ஓட்டுன ஓட்டத்துல..."

"பரசு. செருப்பு கெடக்குது பாரு."

பூனைகள்கூட நக்குவதை நிறுத்தின. ரப்பர் செருப்புக் கால்கள் இரண்டடி பின்னால் போயின. பிறகு பரசுராமன், ஊருக்கே கேட்கும் குரலில்:

"மாமா எங்கக்கா? மாமாவ காலைலேர்ந்து காணமே! கோர்ட்டுக்குப் போய்ட்டாரா?"

மெட்டிக் கால்கள் அசையவில்லை. வலது காலின் கட்டை விரல் மட்டும் முன்சக்கரத்தின் ரப்பரை ஒருமுறை அழுத்திப் பார்த்தது. காற்று போதுமா என்று பார்க்கிற அழுத்தல். பூவராகவன் அதைப் பார்த்தார். மூன்றாவது பெயர் அவர் மனத்தில் முழுசாக வந்து உட்கார்ந்தது.

கேட்க வாயைத் திறந்தார். வாய்க்குள் தண்ணீர் தெறித்தது.

9

மதகைத் திறந்துவிட்டார்கள். ஏரி உடையாமல் இருக்கத் திறந்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. அருணகிரிதான் திறந்துவிட்டான் என்று பூவராகவனுக்குத் தோன்றியது. தண்ணீர் பாம்பு மாதிரி சரசரவென்று கால்வாயில் ஏறியது. காய்ந்த கரை தண்ணீரைக் குடித்தவுடன் பொலபொலத்தது. அவர் புரண்டு வெளியே வருவதற்குள் இடப்பக்க முன்சக்கரத்துக்குக் கீழே கரை சரிந்தது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கியது. தரைத்தகடு அவர் நெஞ்சுக்கு நாலு விரல் மேலே வந்து நின்றது. புரளவும் முடியாது, ஊரவும் முடியாது.

"பரசு, ஓடு! மதக எறக்கச் சொல்லு!"

ரப்பர் செருப்புகள் பறந்தன. ஒன்று மட்டும் கரையிலேயே கிடந்தது.

"ஏ தாயாரு! ஆளுங்களைக் கூப்புடு! தூக்கச் சொல்லு!"

"யாரைக் கூப்புட்றது? கண்ணுக்கு எட்ற தூரத்துல ஒருத்தரும் இல்ல. ஆளு வர்ற வரைக்கும் கரை நிக்காது." தலைகீழாக அவள் முகம் தெரிந்தது, கரையில் முழங்காலிட்டுக் குனிந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்கு மேலே இருந்த சாம்பல் சேற்றைப் பார்த்தாள். அதைச் சுரண்டாமல் விட்டிருப்பதையும் பார்த்தாள். என்னவோ கணக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"அசையாதீங்க," என்றாள். "மூச்ச மட்டும் உடுங்க."

மெட்டிக் கால்கள் தரையிலிருந்து மேலே போயின. தலைக்கு மேல் இருக்கை கிறீச்சிட்டது.

பூவராகவனின் கை தண்ணீருக்கடியில் இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே என்ஜின் கிளம்பியது.

(கொண்டை ஊசி! நான் எழுத ஆரம்பித்த ஐந்து மாதமாகத் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கங்களில் நடமாடியிருக்கிறாள். எனக்கே இந்த வரியில்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி, "இன்னா, பூனை வந்துச்சா?" என்றாள்.)

இனி அவர் மனத்தில் ஓடியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரைக் காப்பாற்ற விரும்புகிறவனாக இருந்தால் மறைத்திருப்பேன். தண்ணீர் காதுக்கு வந்துவிட்டது. பின்சக்கரங்கள் வண்டிப்பாதையின் ஓரத்தில் கெட்டியாக நிற்கின்றன. பின்னால் எடுத்தால் வண்டி வெளியே வந்துவிடும். ஆனால் க்ளட்சை வெடுக்கென்று விட்டால் வண்டி உதறும். உதறினால் சரிந்த கரை முழுசாக விழும். அவ்வளவு இரும்பும் அவர் நெஞ்சின் மேல். ஒருவரும் பார்க்கவில்லை. பிற்பாடு ஒருவரும் கேட்கப்போவதில்லை. பாவம், கரை சரிந்துவிட்டது என்பார்கள். அவள் கால் கொஞ்சம் வழுக்கினால் போதும்.

வழுக்கவிடுவாளோ?

வாழ்நாளெல்லாம் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனிதர், தன் உயிர் யார் பாதத்தில் இருக்கிறதோ அவரையும் விடவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கூடவே, எழுதுகிறவன் நான் அல்லவா, அதே சந்தேகம் எனக்கும் வந்தது. அவள் முகம் எனக்கும் தெரியவில்லை. அவரைப் போலவே நானும் அடியில்தான் கிடந்தேன்.

முகத்துக்கு நேராக க்ளட்ச் கம்பி இருந்தது.* இத்தனை நாள் பார்த்தும் அது அசைந்து அவர் பார்த்ததில்லை. அசையும்போது அவர் எப்போதும் மேலே உட்கார்ந்திருப்பார். அது இப்போது முழுசாக முன்னால் போனது. கியர் பற்கள் ஓசையில்லாமல் கூடின. பிறகு கம்பி திரும்பி வர ஆரம்பித்தது. தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி. நெல்மணி அகலம். நின்றது. இன்னொரு நெல்மணி அகலம். அவசரப்பட்டால் சக்கரம் புதைகிற ஈர மணலில் எத்தனை தடவை புதைத்து, எத்தனை தடவை தள்ளி எடுத்துக் கற்ற கால் அது! பூவராகவன் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே மூச்சை மட்டும் விட்டார்.

தரைத்தகடு நகர்ந்தது. சாம்பல் சேறு அவர் கண்ணுக்கு மேலே போனது, பிறகு நெற்றிக்கு மேலே. கரையிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து காதோரம் விழுந்தது. முன்சக்கரம் ஒரு கணம் வெறும் காற்றில் சுற்றியது. சுற்றிய சக்கரத்துக்குக் கீழே அவர் தோள். சக்கரம் கரையைக் கண்டுபிடித்து ஏறியது.

வானம் வந்தது.

* இந்த மாதிரி சீமை வண்டியில் க்ளட்சுக்குக் கம்பி கிடையாது, எண்ணெய்க் குழாய்தான் என்று யாராவது ஒரு கார்க்காரர் கிளம்புவார். ஐயா, என் கதையில் கம்பிதான். வேண்டுமானால் உருக்கிய இரும்பில் தேடிப் பாருங்கள்.

10

முடிவுக்கு மூன்று எழுதிவைத்திருந்தேன்.

ஒன்றில் பூவராகவன் கைகூப்புகிறார். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த மனிதர் சாமிக்கே அரைக்கைதான் கூப்புவார். இன்னொன்றில் அவர் அரைஞாண் கயிற்றை அறுத்துச் சாவியை அவளிடம் நீட்டுகிறார். தாயாரம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு?" என்று கொண்டையைத் தொட்டுக் காட்டுகிறாள். நல்ல முடிவு, கைதட்டு வாங்கும். அதனாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம். மூன்றாவதில் அவர் வழக்கம்போலக் கேட்டுவிடுகிறார்: "எத்தினி நாளா நடக்குது இது?" அவள் கியர் போடுகிறாள். வண்டிப்பாதை, சாலை, அப்புறம் ஊத்துக்கோட்டையோ பழவேற்காடோ. மழையில் பின்னாலேயே பூனைகள்.

மூன்றும் இப்போது என் மேசைக்கடியில் கசங்கிக் கிடக்கின்றன.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தூறல் ஆரம்பித்துவிட்டது. பூவராகவன் கால்வாய்த் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் சுறா எண்ணெய்; அவர் பூசியதில் பாதி அவர் மேலேயே பூசிக்கொண்டது. கையில் தூரிகை இன்னும் இருக்கிறது. எதிரே வண்டிப்பாதையில் சிவப்பு வண்டி, மூக்கு அவரைப் பார்த்தபடி நிற்கிறது. பாதி பூசியிருக்கிறது, பாதி பூசவில்லை, கழுவவேயில்லை. தாயாரம்மாள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாசலில் அன்று சொன்னது இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது என்பது முகத்தில் தெரிகிறது. அவர் இன்னும் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இப்போது கேட்கப் போகிறார், தொண்டையைச் செருமிவிட்டார்.

அந்த ஒரு வரியை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நான் எழுதினால் பெரிதாக்கிவிடுவேன்; இது பெரிதாக்கக் கூடாத இடம். கீழே இடம் விட்டிருக்கிறேன். பூவராகவன் வாயில் என்ன வைக்கலாம் என்று நீங்களே யோசித்து வையுங்கள்.

"........................................................"

நிதானமாக யோசியுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். தாயாரம்மாள் இன்னும் இறங்கவில்லை. என்ஜினையும் நிறுத்தவில்லை.